உப்புத்தண்ணீர் ஃப்ளை கட்டப் பொருள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை செம்பூரிலிருந்து ரயில் மாறி மாறி வசாய் கழிமுகத்துக்குப் போய், ஓதம் ஏறும் நேரம் பார்த்துக் காத்திருந்து, கடைசியில் கொடுவா கடித்த அடுத்த நொடியே தூண்டில் முள் ஒடிந்து போனால் வயிறு எரியும். எனக்கு எரிந்தது. ஆற்று மீனுக்கான வெண்கல நிறப் பூச்சு முள்ளில் ஃப்ளை, அதாவது இறகும் முடியும் நூலால் சுற்றிச் செய்யும் போலி இரை, கட்டியிருந்தேன். முந்தின வாரம் உப்புத்தண்ணீரில் வீசியதை நல்ல தண்ணீரில் அலசாமல் டப்பாவில் போட்டுவிட்டேன். சுற்றிய நூலுக்கு அடியில் துரு அரித்திருக்கிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை.

அதனால் முதல் செலவு முள்ளுக்குத்தான். துருப்பிடிக்காத எஃகு, இல்லையென்றால் கடலுக்கென்றே வெள்ளீயப் பூச்சு கொடுத்த கார்பன் எஃகு. நம் கழிமுக மீனுக்கு 1/0, 2/0 அளவு சரியாக வரும்.

அடுத்த தவறுதான் பெரியது, கிட்டத்தட்ட எல்லோரும் செய்வது: வைஸில் (கட்டும்போது முள்ளைப் பிடித்து நிறுத்தும் இடுக்கி) காய்ந்து நிற்கும் அழகைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுப்பது. மீன் பார்ப்பது நனைந்த ஃப்ளையை. முயல் தோல் பட்டை தண்ணீருக்குள் உயிரோடு நெளிகிற மாதிரி இருக்கும், உண்மைதான், ஆனால் தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போய், கடற்காற்றுக்கு எதிராக வீசவே விடாது, நீளமாக விட்டால் முள்ளின் வளைவில் சுற்றிக்கொள்ளும், அப்படிச் சுற்றிய ஃப்ளையை மீன் சீண்டுவதில்லை. மராபு என்னும் பஞ்சு போன்ற இறகும் நனைந்தால் ஒட்டிச் சுருங்கிவிடும். வாங்கியதில் ஒரு பிடியை முதலில் டம்ளர் தண்ணீரில் முக்கி எடுத்து உதறிப் பாருங்கள். வடிவம் நிற்கிறதா, தண்ணீர் உடனே வடிகிறதா? செயற்கை இழைகள் இதில் நன்றாகத் தேறும். அமெரிக்க வெள்ளைவால் மானின் வால் முடியான பக்டெயிலும் தேறும், ஆனால் அந்த வாலின் அடிப்பக்க முடி உள்ளே குழாய் மாதிரி இருப்பதால் நூலை இறுக்கினால் விரிந்துகொள்ளும். நெத்திலி மாதிரி ஒல்லியான உருவம் வேண்டுமென்றால் நுனிப்பக்க முடியை எடுங்கள்.

எதை எடுத்தாலும் கொஞ்சமாக எடுங்கள். அடர்த்தியாகக் கட்டினால் முள்ளின் வாய் அடைபட்டு, கடித்த மீனுக்குக் குத்தாது.

மினுக்கத்துக்கு புலேஷ்வர் பக்கம் ஜரிகை வாங்கலாமே என்று தோன்றும். செம்போ வெள்ளியோ கலந்த ஜரிகை உப்பில் கறுத்துவிடும், பிளாஸ்டிக் ஜரிகை கறுக்காது. அதிலும் நாலைந்து இழை போதும். தையல்கடைப் பருத்தி நூல் வேண்டவே வேண்டாம், ஊறி இற்றுப்போகும். பாலியெஸ்டரோ நைலானோ, 140லிருந்து 210 டெனியர் (நூலின் தடிமன் அளவு) வரை.

ஃப்ளையில் கட்டும் கண்ணை வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் சஸ்குவஹானா ஆற்று பாஸ் மீனுக்காக பாப் கிளவுசர் கட்டிய மின்னோ என்ற சிறுமீன் வடிவ ஃப்ளை இன்று உலகமெங்கும் கடலில் ஓடுகிறது, காரணம் முள்தண்டின் மேல் வைத்த கனமான கண்கள். அந்தக் கனத்தில் ஃப்ளை புரண்டு முள்முனை மேலே பார்க்கும், பாறையில் மாட்டுவது குறையும். ஓதம் வேகமாக ஓடும் இடத்துக்குப் பித்தளைக் கண் சரி. முழங்கால் ஆழச் சேற்றுக்கு மணிச்சங்கிலிக் கண் போதும், அதுவும் துருப்பிடிக்காத எஃகாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், தயவுசெய்து புள்ளிமான், கடமான் முடியோ சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகோ யாரிடமும் கேட்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் காக்கிறது, நாம் கேட்பதால்தான் யாரோ ஒருவன் காட்டுக்குள் கண்ணி வைக்கிறான். வெள்ளாட்டு முடி அருமையாக நெளியும். நாட்டுச் சேவலின் கழுத்து இறகைக் கோழிக்கடையில் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, பூச்சி வராமலிருக்க ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். ஜூன் மழை தொடங்குவதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள், மும்பை ஈரத்தில் பூசணம் பிடிக்க ரொம்ப நாள் ஆகாது.