வியன்னா மியூசியத்துல அந்த சரிகை அங்கியை எப்படிப் பாக்கணும்

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்துலேர்ந்து புள்ளைகளைப் பாக்க யூரோப் போறவங்க வியன்னா போனா ஹாஃப்பர்க் அரண்மனைல இருக்குற பொக்கிஷ மியூசியத்த விட்டுராதீங்க. எல்லாரும் கிரீடத்துக்கிட்ட கும்பலா நிப்பாங்க, நிக்கட்டும், நீங்க கிறிஸ்தவப் பாதிரியாருங்க பூசைக்குப் போட்ட அங்கி இருக்குற பக்கம் போங்க. யூரோப்ல அப்ப இருந்த பர்கண்டிங்குற சீமையோட பிரபு 1430ல ஆரம்பிச்ச தங்க ஆட்டுத்தோல் வீரர் சபைக்காக (Order of the Golden Fleece) 15ஆம் நூற்றாண்டுல தைச்சது.

லைட் கம்மியா இருக்கேன்னு திட்டாதீங்க. பட்டுல வெளிச்சம் விழ விழ சாயம் வெளுத்து நூலும் நைஞ்சுரும், போனா போனதுதான், அதனால இந்த மாதிரி துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற கணக்கு) அளவுக்குத்தான் மியூசியங்கள்ல லைட் வைப்பாங்க. கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க, கண்ணு பழகிரும்.

போர்டை அப்புறம் படிங்க, மொதல்ல சரிகையப் பாருங்க. கல்யாணப் பட்டு எடுக்கும்போது நம்ம ஆச்சிங்க முந்தானையப் புரட்டிப் பாப்பாங்கல்ல, அந்தக் கண்ணுதான் இங்க வேணும். பட்டு நூல் மேல தங்க முலாம் போட்ட வெள்ளித் தகட்ட சுத்துறது, நல்ல காஞ்சிபுரம் சரிகைக்கும் அடிப்படை இதே சமாச்சாரந்தான். ஆனா அங்கில இருக்குற புனிதர் படமெல்லாம் தறி வேலை இல்ல, ஊசி வேலை. சரிகைய ஜோடி ஜோடியா படுக்கப் போட்டு, மேல கலர் பட்டு நூலால தைச்சு அமுக்கிருக்காங்க, தையல் நெருக்கமா விழுந்தா தங்கம் மறைஞ்சு நிழல், எட்ட எட்ட விழுந்தா தங்கம் பளிச்சுன்னு வெளிய வரும். ஏதாவது ஒரு புனிதரோட உடுப்புல ஒரே ஒரு மடிப்ப மட்டும் புடிச்சுக்கிட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் பாருங்க, அப்படியே தலைய லேசா ஆட்டிப் பாருங்க, மினுக்கு இடம் மாறும். முகம் மட்டும் பொடித் தையல், முழுக்கப் பட்டு நூல். போட்டோல இதுல பாதி கூட வராது.

மேலங்கிய விரிச்சா அரை வட்டம். ஓரத்து உருவமெல்லாம் சாஞ்ச மாதிரி தெரியும், தப்பா தைக்கல, ஆள் போத்திக்கிட்டாத்தான் நேரா நிக்கும். அந்தக் கனத்த தோள்ல சுமந்த பாதிரியார் பாடுதான் பாவம்!

ஊருக்கு வந்ததும் பெட்டகத்துல கெடக்குற அப்பத்தா காலத்து சரிகை வெல்வெட்ட வெளிய எடுங்க. மடிச்ச எடத்துலயே மடிச்சா சரிகை ஒடையும், அதனால வெள்ளைப் பருத்தித் துணி சுத்துன குழாய்ல வெல்வெட் முடி வெளிப்பக்கம் இருக்க மாதிரி தளர்வா சுருட்டுங்க. ரப்பர் பேண்ட் மட்டும் போட்றாதீங்க, அதுல இருக்குற கந்தகம் வெள்ளியக் கறுக்க வச்சிரும், பருத்தி நாடா போதும்.