உங்கள் ஊரின் நண்பகலை ஒரு கோலின் நிழலால் கண்டறியும் முறை

சென்னையில் கடிகாரம் பன்னிரண்டைக் காட்டும் அதே நேரத்தில் சூரியனும் உச்சியில் இருப்பது செப்டம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் வரும் ஒரு சில நாட்களில் மட்டுமே. கோயம்புத்தூரில் அப்படி ஒரு நாள்கூட வருவதில்லை. நம் கைபேசி காட்டும் இந்திய நேரம், மிர்சாப்பூருக்கு அருகே செல்லும் 82° 30′ கிழக்குத் தீர்க்கரேகையில் அமைந்த ஓர் ஊருக்குரிய சராசரிச் சூரிய நேரம் என்பதும், தமிழ்நாடு முழுவதும் அந்தக் கோட்டுக்கு மேற்கே கிடக்கிறது என்பதும்தான் இதற்கு முதற்காரணம். 1906 ஜனவரி 1 அன்று இந்த நேரம் நடைமுறைக்கு வருவதற்கு முன்னர், சென்னை வானாய்வகம் கணித்த ‘மெட்ராஸ் நேரம்’ நாடெங்கும் ரயில்களுக்குப் பயன்பட்டு வந்தது. 1802இல் அங்கு வானியலாளராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம் அதைக் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியதாக வரையறுத்தார். இலங்கையில் மின் பற்றாக்குறையைச் சமாளிக்க 1996இல் கடிகாரங்களை முன்தள்ளி வைத்து, 2006இல் பழைய நேரத்துக்கே திரும்பினார்கள். அந்தப் பத்து ஆண்டுகளிலும் சூரியன் அதன் வழியில்தான் சென்றது.

கடிகார நேரம் மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. ரயிலுக்கும் தேர்வுக்கும் மருத்துவமனைக்கும் அது இன்றியமையாதது; அதைக் கைவிடும்படி இக்கட்டுரை யாரையும் கேட்கவில்லை. ஆனால் நாம் நிற்கும் நிலத்துக்கென்று ஒரு நேரம் உண்டு என்பதையும், அதை எவரிடமும் கேட்காமல் நாமே அளந்து அறிய முடியும் என்பதையும் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் ஒருமுறையேனும் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கோலை நிறுத்துதல்

மூன்றடிச் சதுரமுள்ள ஒட்டுப்பலகை ஒன்று, 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு நேரான கம்பி, நூல், பென்சில், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் தூக்குக்குண்டும், இவை போதும். காலை முதல் மாலை வரை வெயில் மறையாத மொட்டை மாடியில் பலகையை வைத்து, ரசமட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்த்து, அடியில் அட்டைத் துண்டுகளைச் செருகி மட்டப்படுத்துங்கள். மாடித் தளம் மழைநீர் வடிவதற்காகச் சற்றே சரித்துப் போடப்பட்டிருக்கும் என்பதால், தரை மட்டமாகத்தான் இருக்கும் என்று நம்பி இந்த வேலையைத் தவிர்த்துவிடக் கூடாது. பலகை ஒரு பாகை சாய்ந்தாலும் நண்பகல் கணக்கு சில நிமிடங்கள் பிழைபடக்கூடும்.

கம்பியின் நுனி நிழல் கூர்மையாக விழாது. சூரியன் ஒரு புள்ளியாக அன்றி வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டாக இருப்பதால், நிழலின் ஓரம் மங்கிக் கரைந்து, எந்த இடத்தில் குறியிடுவது என்ற ஐயம் எழும். இதற்கு நல்ல தீர்வு, கம்பியின் தலையில் நடுவே நான்கு மில்லிமீட்டர் துளையுள்ள சிறு தகடு ஒன்றைக் கிடையாகப் பொருத்துவதே. தகட்டின் நிழலுக்கு நடுவே ஓர் ஒளிப்பொட்டு விழும், அதன் மையத்தை எளிதாகக் குறிக்கலாம். அவ்வாறு செய்யும்போது, கம்பியின் அடியை வட்ட மையமாகக் கொள்ளாமல், துளையின் நடுவிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அது பலகையைத் தொடும் இடத்தையே மையமாகக் கொள்ள வேண்டும். அந்த மையத்திலிருந்து 25, 30, 35, 40 சென்டிமீட்டர் ஆரத்தில் நான்கு வட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள்.

நண்பகல் கோடு

நிழல் மிகக் குறுகும் கணத்தைக் கண்ணால் பார்த்து நண்பகலைக் குறித்துவிடலாம் என்று தோன்றும். உச்சிப்பொழுதுக்கு முன்னும் பின்னும் பல நிமிடங்களுக்கு நிழலின் நீளம் ஏறக்குறைய மாறாமலே இருப்பதால் அந்த வழி தெளிவான விடை தராது. அதனால் முன்னோர் கையாண்ட வழி வேறு: முற்பகலில் நிழல் சுருங்கி வந்து வட்டத்தைத் தொடும் புள்ளியையும், பிற்பகலில் நீண்டு சென்று அதே வட்டத்தைத் தொடும் புள்ளியையும் குறித்து, இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால் அது கிழக்கு மேற்குக் கோடு, அக்கோட்டின் நடுப்புள்ளியையும் வட்ட மையத்தையும் இணைத்தால் அது தெற்கு வடக்குக் கோடு. மனை வகுப்போர் ‘சங்கு’ எனப்படும் கோலை நாட்டித் திசை கண்டது இம்முறையால்தான். அரண்மனைக்கு இடம் வகுத்த நூலறி புலவர் நண்பகலில் இரு கோல்களின் நிழலைக் கொண்டு திசை பார்த்ததைச் சங்கப் பாட்டொன்றும் சொல்கிறது.

காலை எட்டரை மணிக்கெல்லாம் அருகில் இருக்கத் தொடங்குங்கள். ஒளிப்பொட்டு ஒவ்வொரு வட்டத்தைக் கடக்கும்போதும் ஒரு குறியிட்டு, பிற்பகலில் அதே நான்கு வட்டங்களுக்கும் எதிர்க்குறி இடுங்கள். ஒரு வட்டமே போதுமென்றாலும், பிற்பகலில் ஒரு மேகம் வந்து மறைத்துவிட்டால் நாள் முழுதும் வீணாகும் என்பதால் நான்கு வட்டங்கள் நல்லது. நான்கு நடுப்புள்ளிகளும் ஒரே கோட்டில் விழுந்தால் உங்கள் பலகை மட்டமாக இருந்தது என்று கொள்ளலாம். விழவில்லையென்றால் ரசமட்டத்தை மறுபடி எடுக்க வேண்டியதுதான். பலகையை நகர்த்தாமல் அப்படியே வைத்திருந்து, மறுநாள் ஒளிப்பொட்டு தெற்கு வடக்குக் கோட்டைக் கடக்கும் கணத்தில் கைபேசியில் மணி பாருங்கள். உங்கள் ஊரின் நண்பகல் அதுவே.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது

நீங்கள் கண்ட நேரம் பன்னிரண்டிலிருந்து விலகி நிற்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, ஊரின் இருப்பிடம்: ஒரு பாகைத் தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம். சென்னை 80.27 பாகையில் இருப்பதால் சராசரியாக 9 நிமிடமும், திருச்சி 15 நிமிடமும், மதுரை பதினேழரை நிமிடமும், கோயம்புத்தூர் 22 நிமிடமும் பிந்துகின்றன. யாழ்ப்பாணம், இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றாக இருப்பதால், 10 நிமிடம் பிந்துகிறது. சென்னையில் உச்சியைக் கடந்த சூரியன் கோயம்புத்தூரில் உச்சிக்கு வர மேலும் 13 நிமிடம் ஆகும்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. ஒரு நண்பகலிலிருந்து மறு நண்பகல் வரை சரியாக 24 மணி நேரம் என்பது சராசரிக் கணக்கு மட்டுமே. பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அதன் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதாலும், உண்மைச் சூரியன் கடிகாரச் சூரியனுக்குச் சில காலம் முந்தியும் சில காலம் பிந்தியும் செல்கிறது. பிப்ரவரி 11 வாக்கில் அது 14 நிமிடம் பிந்துகிறது; மே நடுவில் ஏறத்தாழ 4 நிமிடம் முந்துகிறது; ஜூலை 26 வாக்கில் ஆறரை நிமிடம் பிந்துகிறது; நவம்பர் 3 வாக்கில் 16 நிமிடத்துக்குச் சற்று மேலாக முந்துகிறது. ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டி இரண்டும் ஒன்றாகச் செல்கின்றன. எனவே சென்னையில் பிப்ரவரியில் 12.23க்கு வரும் நண்பகல் நவம்பரில் 11.52க்கே வந்துவிடுகிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21, 22 வாக்கில் முடிந்துவிட்ட பிறகும், தை பிறந்த பின்னும் சூரியன் மேலும் மேலும் தாமதமாக எழுவதைப் பலர் கவனித்திருப்பார்கள். அதற்கும் இதுவே காரணம்.

உதயத்திலிருந்து எண்ணுதல்

நண்பகல் கைவசமான பிறகு, உதயத்திலிருந்து எண்ணும் பழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஓர் உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. பஞ்சாங்கத்தில் தசமி 22 நாழிகை 30 வினாடி வரை என்று இருந்து, உங்கள் ஊரில் அன்று உதயம் காலை 6.30 என்றால், இருபத்திரண்டரை நாழிகைக்குரிய ஒன்பது மணி நேரத்தைக் கூட்டிப் பிற்பகல் 3.30 என்று கொள்ள வேண்டும். பஞ்சாங்கத்தின் அந்த வினாடி 24 கடிகார விநாடிகள் கொண்டது. அதையே கடிகார விநாடியாக எண்ணிவிடக் கூடாது.

இயற்கைப் பொழுதைக் கடிகாரத்துக்குள் உறையவைத்தால் என்ன ஆகிறது என்பதற்கு இராகு காலத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்; கணக்கு மட்டும் இங்கு நமக்கு வேண்டும். உதயம் முதல் அஸ்தமனம் வரையிலான பகலை எட்டுப் பங்காக்கி, திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு என்பதே விதி. ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டதால் நாட்காட்டித் தாளில் ஆண்டு முழுதும் 7.30 முதல் 9 வரை என்று அச்சாகிறது. விதிப்படி கணக்கிட்டால் சென்னையில் ஜூன் பிற்பகுதியில் அது ஏறத்தாழ 7.20 முதல் 8.55 வரையிலும், டிசம்பர் பிற்பகுதியில் 7.50 முதல் 9.15 வரையிலும் வரும். சம்பிரதாயத்தைக் கடைப்பிடிப்பவர்களே கடிகாரத்தைக் கடைப்பிடித்து வருகிறார்கள்.

இரவுக்கு நிலவு உதவும். வளர்பிறையில் திதி எண்ணை இரண்டால் பெருக்கினால், அஸ்தமனத்துக்குப் பின் அத்தனை நாழிகை கழித்து நிலவு மறையும். தேய்பிறையில் அதே கணக்குப்படி அத்தனை நாழிகை கழித்து எழும். தேய்பிறைப் பஞ்சமியன்று 10 நாழிகை, அதாவது சூரியன் மறைந்து நான்கு மணி நேரம் கழித்து நிலவை எதிர்பார்க்கலாம். இது தோராயக் கணக்கே.

ஆண்டு முழுதும் குறித்தல்

பலகையை ஓர் ஆண்டு வரை அதே இடத்தில் வைத்திருக்க இயலுமானால், வாரம் ஒருமுறை நண்பகல் ஒளிப்பொட்டின் இடத்தைத் தேதியுடன் குறித்து வாருங்கள். சென்னையில் 30 சென்டிமீட்டர் கோலின் நண்பகல் நிழல் டிசம்பர் 21 வாக்கில் வடக்கு நோக்கி 22 சென்டிமீட்டர் நீளும். மார்ச் 20 வாக்கில் 7 சென்டிமீட்டராகக் குறுகும். ஏப்ரல் 24 வாக்கில் முற்றிலும் மறையும். அதன் பிறகு தெற்கு நோக்கி விழத் தொடங்கி, ஜூன் 21 வாக்கில் ஐந்தரை சென்டிமீட்டர் வரை நீண்டு, ஆகஸ்ட் 18 வாக்கில் மீண்டும் மறையும். கன்னியாகுமரியில் நிழல் மறையும் நாட்கள் ஏப்ரல் 10, செப்டம்பர் 1 வாக்கில் வரும். நிழலற்ற நாட்களை ஒட்டி உச்சிவேளையில் ஒளிப்பொட்டு மையத்துக்கு மிக அருகில் வந்து கம்பியின் மீதோ அதன் நிழலிலோ விழக்கூடும் என்பதால், தகட்டைக் கம்பியிலிருந்து சற்றுத் தள்ளிப் பொருத்தியிருப்பது நல்லது.

இக்குறிகள் தமிழ் நாட்காட்டி, பொதுநாட்காட்டி இரண்டையும் சோதித்துக் காட்டும். நிழல் நீள்வது நின்று குறுகத் தொடங்குவது மார்கழி முதல் வாரத்திலேயே நிகழ்வதைப் பலகையில் காண்பீர்கள். உத்தராயணத் தொடக்கமாகப் போற்றப்படும் தை முதல் நாளோ ஜனவரி 14 வாக்கில் வருகிறது. நம் சூரிய மாதங்கள் விண்மீன்களை வைத்துக் கணிக்கப்படுவதாலும், பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பருவங்கள் அந்த மாதங்களிலிருந்து நழுவுவதாலும் இந்த இடைவெளி உண்டாகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் பொருந்தியிருந்தன. பொதுநாட்காட்டி பருவங்களோடு ஒட்டிச் செல்கிறதென்றாலும், அதன் ஜனவரி 1 வானில் எந்தத் திருப்பத்தையும் குறிப்பதில்லை.

குறிக்கும்போது கைபேசி நேரத்தையும் அருகில் எழுதிவையுங்கள். நண்பகல் நேரம் ஆண்டு முழுதும் முன்னும் பின்னும் நகர்வது அந்த எண்களிலேயே தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில வாரங்கள் விடுபடும். அவற்றை ஊகித்து நிரப்ப வேண்டாம். வெற்றிடமாகவே விட்டு, அடுத்த ஆண்டு அதே வாரங்களில் அளந்து எழுதுங்கள்.