12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் ரவுட்டர்: எந்த கன்வர்ட்டர் வாங்குவது?

பெயர்தான் 12 வோல்ட். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும், தீரும்போது 10.5க்கு இறங்கும். எல்எம்2596 போன்ற பக் கன்வர்ட்டர் இதற்கு உதவாது. அது இறக்க மட்டுமே செய்யும், 12 கொடுக்க உள்ளே ஏறக்குறைய 13.5 கேட்கும். ஏற்ற மட்டுமே செய்யும் வெறும் பூஸ்ட்டும் ஆகாது. உள்ளே 14 வந்தால் காயில், டயோடு வழியே அது கிட்டத்தட்ட அப்படியே ரவுட்டருக்குப் போய்விடும். வேண்டியது ஏற்றவும் இறக்கவும் செய்யும் பக்-பூஸ்ட் அல்லது செபிக்.

சிங்கப்பூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் போர்டை உற்றுப் பாருங்கள். எக்ஸ்எல்6009 சிப்போடு இரண்டு முனைக் காயில் ஒன்றே ஒன்று இருந்தால், கவரில் என்ன அச்சிட்டிருந்தாலும் அது பூஸ்ட்தான். இரண்டு காயில் இருந்தால் பெரும்பாலும் செபிக்.

எக்ஸ்எல்6009 போர்டில் "4 ஆம்ப்" என்று போட்டிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். அது சிப்பின் உள் சுவிட்ச் தாங்கும் அளவு. ரவுட்டருக்கு 1.5 ஆம்ப் என்றால் 18 வாட். 85% திறனில், பேட்டரி 10.5க்கு வந்ததும் 2 ஆம்ப் இழுக்கும். செபிக்கில் சுவிட்ச் உள்ளே வரும் 2, வெளியே போகும் 1.5 இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறது: 3.5 ஆம்ப், அதற்கு மேல் ரிப்பிள் (கரண்ட்டின் ஏற்ற இறக்கம்) வேறு. நம்மூர்ச் சூட்டில், மூடிய பெட்டிக்குள் அது தாங்காது. 1 ஆம்போடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பெரிய மாடலாக எடுங்கள்.

ரவுட்டரைச் சொருகும் முன் கன்வர்ட்டரின் வெளியீட்டில் மல்ட்டிமீட்டர் வைத்து, போர்டில் உள்ள திருகை 12 வோல்ட்டுக்குத் திருகிக்கொள்ளுங்கள். பேட்டரி பாசிட்டிவ் முனையை ஒட்டியே 5 ஆம்ப் ஃபியூஸ்.