பக்கம் ரீலோட் ஆகாமல் படிவத்துக்குப் பதில் காட்டுவது எப்படி?

படிவத்தை நிரப்பி ‘அனுப்பு’ பட்டனை அழுத்தியவருக்கு உடனே தெரிய வேண்டியது ஒன்றுதான்: போய்ச் சேர்ந்ததா, இல்லையா? சாதாரண எச்டிஎம்எல் படிவத்தில் பட்டனை அழுத்தியதும் பிரவுசர் இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, சர்வர் தரும் புதுப் பக்கத்துக்குப் போய்விடும். நெட் மெதுவாக இருந்தால் அதுவரை திரையில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. பொறுமை இழந்து இன்னொரு முறை அழுத்துவார்கள். ஒரே விசாரணை இரண்டு தடவை பதிவாகும்.

பக்கத்தை மாற்றாமல் பின்னணியில் சர்வரிடம் பேசும் வசதி 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-இலேயே வந்துவிட்டது. 2005-இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் அந்த முறைக்கு ‘ஏஜாக்ஸ்’ என்று பெயர் வைத்தார். இன்று அதே வேலையை பிரவுசரிலேயே இருக்கும் ‘ஃபெட்ச்’ ஃபங்ஷன் சில வரிகளில் செய்துவிடும். தனி லைப்ரரி எதுவும் தேவையில்லை.

உதாரணத்துக்கு ஒரு டியூஷன் சென்டரின் விசாரணைப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். பெயர், கைபேசி எண், கேள்வி என மூன்று கட்டங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஃபங்ஷன் எழுதத் தெரிந்தால் போதும். நான் சொல்லும் பெயர்களின் முதல் சில எழுத்துகளை அடித்தாலே வி.எஸ். கோடு எடிட்டர் மீதியைக் காட்டிவிடும்.

படி 1: படிவமும் ஒரு காலி இடமும்

ஃபார்ம் டேக்கில் ‘மெதட்’ போஸ்ட், ‘ஆக்‌ஷன்’ சர்வர் முகவரி. ஸ்கிரிப்ட்தான் அனுப்பப்போகிறது என்றாலும் ஆக்‌ஷனை எடுத்துவிடாதீர்கள். ஸ்கிரிப்ட் ஃபைல் இறங்காமல் போனால் படிவம் பழைய வழியிலாவது போய்ச் சேரும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘நேம்’ ஆட்ரிபியூட் கட்டாயம். ‘ஐடி’ மட்டும் கொடுத்தால் அந்தக் கட்டத்தின் தகவல் சர்வருக்குப் போகாது.

பட்டனுக்குக் கீழே ஒரு காலி பத்தி டேக் வையுங்கள். அதற்கு ‘ரோல்’ ஆட்ரிபியூட்டில் ‘ஸ்டேட்டஸ்’ என்று கொடுங்கள். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ, டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்கள் அந்த இடத்தைக் கவனித்துக்கொண்டே இருந்து, உள்ளே எழுத்து மாறியதும் வாசித்துக் காட்டும். பத்தியைப் பக்கத்தோடு சேர்த்தே காலியாக வைத்துவிட வேண்டும். செய்தி வரும் நேரத்தில் புதிதாக உருவாக்கிச் சேர்த்தால் பல சமயம் அது வாசிக்கப்படுவதில்லை. இணையத்தளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான வழிகாட்டியான, 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 இதற்கென்றே 4.1.3 என்ற விதியை வைத்திருக்கிறது.

படி 2: சப்மிட்டைப் பிடிப்பது

பட்டனின் ‘கிளிக்’கைப் பிடிக்க வேண்டாம், படிவத்தின் ‘சப்மிட்’ நிகழ்வைப் பிடியுங்கள். கட்டாயக் கட்டம் காலியாக இருந்தால் பிரவுசரே தடுத்துவிடும், சப்மிட் நிகழாது. கிளிக்கைப் பிடித்திருந்தால் அப்போதும் உங்கள் கோடு ஓடி, அரைகுறைப் படிவத்தை அனுப்பிவிடும்.

ஃபங்ஷனுக்கு முன்னால் ‘அசிங்க்’ போடுங்கள். முதல் வரியில் ‘பிரிவென்ட்டிஃபால்ட்’. ரீலோடை நிறுத்துவது அந்த வரிதான். சேமித்துவிட்டுப் பட்டனை அழுத்திப் பாருங்கள். பக்கம் அசையக் கூடாது. அசைந்தால் கன்சோலில் ‘நல்’ என்ற பிழை வந்திருக்கிறதா என்று பாருங்கள். படிவம் உருவாகும் முன்பே ஸ்கிரிப்ட் ஓடியிருக்கும். ஸ்கிரிப்ட் டேக்கில் ‘டிஃபர்’ சேர்த்தால் சரியாகிவிடும்.

படி 3: எடுத்து அனுப்புவது

முதலில் ‘ஃபார்ம்டேட்டா’விடம் படிவத்தைக் கொடுங்கள், எல்லாக் கட்டங்களையும் அதுவே சேகரித்துக்கொள்ளும். அப்புறம் பட்டனை ‘டிஸேபிள்’ செய்து, காலிப் பத்தியில் “அனுப்பப்படுகிறது…” என்று எழுதுங்கள். இந்த வரிசை முக்கியம். டிஸேபிள் ஆன கட்டங்களை ஃபார்ம்டேட்டா சேர்த்துக்கொள்ளாது. படிவம் முழுவதையும் முடக்கிவிட்டுச் சேகரித்தால் சர்வருக்கு வெறும் உறைதான் போகும்.

அடுத்து ‘ட்ரை’ பகுதிக்குள் ‘அவெயிட் ஃபெட்ச்’. முகவரி, மெதட், பாடி மூன்றையும் கொடுங்கள். ‘அக்செப்ட்’ ஹெடரில், பதில் ஜேசன் என்ற தகவல் வடிவத்தில் வேண்டும் என்று கேளுங்கள். ‘கன்டென்ட் டைப்’ ஹெடரை மட்டும் நீங்களாக எழுத வேண்டாம். ஃபார்ம்டேட்டாவைப் பார்த்து பிரவுசரே சரியாக எழுதிக்கொள்ளும். நாம் எழுதினால் கட்டங்களைப் பிரிக்கும் எல்லைக்குறி விட்டுப்போய் சர்வருக்கு ஒன்றும் புரியாது.

படி 4: வந்த பதிலைப் படிப்பது

இந்தப் படியை நிதானமாகச் செய்யுங்கள்.

ஃபெட்ச் பிழை எறியவில்லை என்றால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சர்வர் 404, 500 என்று பதில் சொன்னாலும் ஃபெட்ச்சுக்கு அது ‘பதில் வந்துவிட்டது’தான், பிழையைப் பிடிக்கும் ‘கேட்ச்’ பகுதிக்குப் போகாது. அதனால் பதிலின் ‘ஓகே’ பண்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நிலை எண் 200 முதல் 299 வரை இருந்தால் மட்டுமே அது ‘ட்ரூ’. அந்த ஒரு இடத்தில் மட்டும் “உங்கள் விசாரணை வந்து சேர்ந்தது” என்று எழுதுங்கள். சர்வர் சொல்லும் முன்பே பச்சை நிறத்தில் நன்றி சொல்லும் தளங்கள் நிறைய. அதை நம்பிக் காத்திருக்கும் பெற்றோருக்கு அழைப்பே வராது.

ஓகே இல்லை என்றால் எண்ணைப் பார்த்துப் பிரியுங்கள். 422 வந்தால் கட்டத்தில் பிழை. சர்வர் ஜேசனில் அனுப்பிய விளக்கத்தை அந்தக் கட்டத்துக்கு அடியிலேயே காட்டி, கர்சரையும் அங்கே கொண்டுபோங்கள். 500 என்றால் தவறு நம் பக்கம். அதை அப்படியே சொல்லிவிட்டு, அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் கொடுங்கள்.

நெட் துண்டித்தால் கேட்ச் ஓடும். இங்கே “அனுப்ப முடியவில்லை” என்று அடித்துச் சொல்ல முடியாது. விசாரணை சர்வரைச் சேர்ந்து, பதில் மட்டும் திரும்பி வரும் வழியில் தொலைந்திருக்கலாம். “சர்வரிடமிருந்து பதில் வரவில்லை. இணைப்பைப் பார்த்துவிட்டு மீண்டும் அனுப்புங்கள்” என்பதுதான் உண்மை. மீண்டும் அனுப்பினால் இரட்டைப் பதிவாகுமே என்றால், அதற்கும் வழி உண்டு. மறைந்த கட்டம் ஒன்றில் ‘கிரிப்டோ’வின் ‘ரேண்டம்யூயூஐடி’ தரும் அடையாளத்தை வைத்து அனுப்புங்கள். அதே அடையாளம் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே தரட்டும். வெற்றிகரமாகப் போன பிறகுதான் அடையாளத்தை மாற்ற வேண்டும். ரேண்டம்யூயூஐடி எச்டிடிபிஎஸ் தளத்திலும் லோக்கல்ஹோஸ்ட்டிலும் மட்டுமே வேலை செய்யும்.

பட்டனைத் திரும்ப இயக்குவதை ‘ஃபைனலி’யில் வையுங்கள், எது நடந்தாலும் அது ஓடும். படிவத்தைக் காலி செய்யும் ‘ரீசெட்’ வெற்றி வந்த இடத்தில் மட்டும். பிழை வந்ததும் எழுதியதை எல்லாம் அழித்துவிட்டால், கைபேசியில் தமிழில் நாலு வரி தட்டியவர் மறுபடி எழுத மாட்டார்.

படி 5: செய்தியை எழுதுவது

செய்தியை ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ வழியாகப் போடுங்கள், ‘இன்னர்எச்டிஎம்எல்’ வேண்டாம். “வணக்கம்” என்று எழுதி, கூடவே அவர் கொடுத்த பெயரையும் காட்டுகிறீர்கள் என்றால், பெயர்க் கட்டத்தில் யாராவது டேக் எழுதி வைத்திருந்தாலும் அது வெறும் எழுத்தாகவே நிற்கும்.

வாசகத்துக்கும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். “தவறான உள்ளீடு” என்றால் எது தவறு என்று யாருக்கும் தெரியாது. “கைபேசி எண்ணில் 9 இலக்கங்களே உள்ளன, 10 வேண்டும்” என்றால் உடனே திருத்திவிடுவார்கள். வெற்றிச் செய்தியிலும் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லுங்கள்: “நாளை மாலைக்குள் அழைக்கிறோம்.” அழைக்கப்போவது உறுதி என்றால் மட்டும். பச்சை, சிவப்பு நிறங்களை மட்டும் நம்பாதீர்கள். நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் வார்த்தையிலேயே விஷயம் புரிய வேண்டும். மூன்று விநாடியில் தானாக மறையும் செய்தியும் எனக்கு ஒப்பாது. மெதுவாகப் படிப்பவர் பாதியில் இருக்கும்போதே போய்விடும்.

படி 6: சர்வர் பக்கம்

பிஎச்பி என்றால் ‘எச்டிடிபி ரெஸ்பான்ஸ் கோடு’ ஃபங்ஷனில் சரியான எண்ணைக் கொடுத்துவிட்டு, ‘ஜேசன் என்கோடு’ செய்து அனுப்பினால் போதும். தமிழ் எழுத்துகள் நெட்வொர்க் டேபில் சாய்கோடும் எண்களுமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பிரவுசர் பிரித்ததும் தமிழாகிவிடும். பிரவுசரில் செய்த சரிபார்ப்பை எல்லாம் சர்வரிலும் செய்யுங்கள். பிரவுசரில் இருப்பதை யாரும் தாண்டிவிடலாம்.

படி 7: சோதனை

எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபைத் திறங்கள். வேகத்தைக் குறைத்துவிட்டு அனுப்பினால் “அனுப்பப்படுகிறது…” கண்ணில் பட வேண்டும், பட்டன் முடங்கியிருக்க வேண்டும். ‘ஆஃப்லைன்’ வைத்து அனுப்பினால் கேட்ச் செய்தி வர வேண்டும், எழுதியது அப்படியே இருக்க வேண்டும். சர்வரில் வேண்டுமென்றே 500 வரவைத்து, வெற்றிச் செய்தி எட்டிப் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கடைசியாக ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு ஒருமுறை அனுப்புங்கள். அப்போது அக்செப்ட் ஹெடரில் ஜேசன் கேட்டிருக்காது. சர்வர் அதைக் கவனித்து, ஜேசனுக்குப் பதில் ஒரு சாதாரணப் பக்கத்தைத் தர வேண்டும்.