'கெட்' வந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள்

அகராதியில் 'கெட்' (get) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எக்கச்சக்கமான அர்த்தம் போட்டிருப்பார்கள். ('காட்', got, என்பது அதன் இறந்தகால வடிவம்.) அதை உருப்போட வேண்டாம். அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். அர்த்தம் அங்கேதான் இருக்கிறது.

படி 1: அடுத்து வருவது ஒரு பொருளா? அப்படியென்றால் கிடைப்பது, வாங்குவது, கொண்டு வருவது. 'ஐ காட் எ ஜாப் இன் ராணிப்பேட்டை' என்றால் வேலை கிடைத்தது. 'கெட் மீ எ டீ' என்றால் டீ வாங்கி வா.

படி 2: நிலையைச் சொல்லும் சொல்லா? தமிழில் 'ஆயிடுச்சு' ஒட்டுகிறதா பாருங்கள். இருட்டாயிடுச்சு: 'இட் காட் டார்க்'. கல்யாணம் ஆயிடுச்சு: 'ஷி காட் மேரீட்'. யாரோடு என்று சொல்ல இங்கே 'வித்' வராது, 'டு'தான்.

படி 3: இடமா? போய்ச் சேர்வது. 'வீ காட் டு காட்பாடி அட் சிக்ஸ்.' ஆனால் 'ஹோம், ஹியர், தேர்' மூன்றுக்கும் முன்னால் 'டு' கிடையாது. 'ஐ காட் ஹோம்' அவ்வளவுதான். பஸ், ரயிலுக்கு 'கெட் ஆன், கெட் ஆஃப்'. ஆட்டோ, காருக்கு 'கெட் இன், கெட் அவுட்'. இறங்குவதற்கு 'கெட் டவுன்' என்றால் நம்மூர் கண்டக்டருக்குப் புரியும். தேர்வில் எழுதும்போதும் வெளிநாட்டாரிடம் பேசும்போதும் 'கெட் ஆஃப்' என்றே சொல்லுங்கள்.

படி 4: பொருளுக்குப் பின் ஒரு வினையும் வருகிறதா? இன்னொருவரை வைத்துச் செய்துகொண்ட வேலை. இங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள். நிதானமாகப் படியுங்கள். வேலூர்ப் பேச்சில் 'முடி வெட்டிக்கினேன்' என்போம். வெட்டியவர் சலூன்காரர் என்று சொல்லாமலே புரியும். அதையே 'ஐ கட் மை ஹேர்' என்றால் நீங்களே கத்தரிக்கோல் எடுத்து வெட்டிக்கொண்டதாக ஆகிவிடும். 'ஐ காட் மை ஹேர் கட்' என்பதே சரி. வரிசை முக்கியம்: முதலில் 'காட்', அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். 'ஐ காட் கட் மை ஹேர்' என்று மாற்றிப் போட்டால் வாக்கியமே உடைந்துவிடும். சி.எம்.சி. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தவர் 'ஐ டுக் எ ஸ்கேன்' என்றால், மெஷினை இயக்கியவரே அவர்தான் என்பதுபோல் கேட்கும். 'ஐ காட் எ ஸ்கேன் டன்' என்று சொல்ல வேண்டும்.

செய்த ஆளையும் சொல்ல வேண்டுமா? அப்போது ஆள், 'டு', வினையின் முதல் வடிவம்: 'ஐ காட் த மெக்கானிக் டு ரிப்பேர் மை பைக்.' ஆள் இல்லாவிட்டால் 'ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்.' இரண்டையும் கலந்து 'காட் த மெக்கானிக் ரிப்பேர்ட்' என்றால் மெக்கானிக்கையே ரிப்பேர் செய்ததாகிவிடும்.

பயிற்சிக்கு ஆங்கிலம்-தமிழ் அகராதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பெரும்பாலும் அர்த்தத்தை மட்டும் கொடுக்கும், வரிசையைக் காட்டாது. கற்பவர்களுக்கான ஆங்கிலம்-ஆங்கிலம் அகராதியை எடுங்கள். நான்கு படிகளுக்கும் நோட்டில் ஒவ்வொரு பக்கம் ஒதுக்கி, அதிலுள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பிரித்து எழுதுங்கள்.

பிறகு சேர்த்தது: 'டு'வுக்குப் பின் வினை வந்தால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். 'ஐ காட் டு ஸீ த டாக்டர்' என்றால் டாக்டரைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. 'ஐவ் காட் டு ஸீ த டாக்டர்' என்றால் பார்த்தே ஆகவேண்டும். பேச்சு வேகத்தில் அந்த 'வ்' காதில் விழாமல் போகலாம், எழுதும்போது விட்டுவிடாதீர்கள்.