வடக்கு ஸ்வீடன் பனியில் நடக்க விடியற்காலையே நல்லது

பரிமாற்ற மாணவராக வடக்கு ஸ்வீடனில் இருப்பவர்கள் மார்ச், ஏப்ரலில் காட்டு நடைக்கு விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். பனியில் புதையாமல் நடக்க பூட்ஸின் அடியில் மாட்டும் அகலமான ஸ்னோஷூவின் வாடகை மிச்சம்.

பகல் வெயிலில் இளகும் மேற்பனி, வானம் தெளிந்த இரவில் இறுகிக் கெட்டியான ஓடாகிறது. ஊர்க்காரர்கள் இதை 'ஸ்காரெ' என்பார்கள். குதிகாலால் ஓங்கி மிதியுங்கள். உடையாவிட்டால் சாதாரண பூட்ஸே போதும். அதே பாதையில் மதியம் முழங்கால்வரை புதைந்து, பூட்ஸுக்குள் பனி புகுந்து, காலுறை பிழியும்படி நனையும்.

இரவு மேகம் மூடி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்காவிட்டாலோ, புதுப்பனி பெய்திருந்தாலோ இது பலிக்காது. உறைந்த ஏரிக்கும் இந்தக் கணக்கு செல்லாது: வசந்தத்தில் தடிமனான பனிக்கட்டியும் உள்ளே உளுத்திருக்கலாம். காலையானாலும் அதில் கால் வைக்காதீர்கள்.