அமெரிக்க நகரப் பள்ளிகளில் உளவியலாளரின் மதிப்பீட்டைப் பெற்றோர் கேட்டுப் பெறுவது எப்படி

அமெரிக்கப் பெருநகரப் பள்ளி மாவட்டங்களில் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை, கவனம் நிற்கவில்லை, வகுப்பில் யாரோடும் ஒட்டவில்லை என்றால், காரணத்தைக் கண்டறியும் பொறுப்பில் பெரும்பங்கு பள்ளி உளவியலாளருடையது. இவர் வகுப்புத் தேர்வுகளுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டும் கவுன்சிலர் அல்ல; மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவரும் அல்ல. சோதனைகள் நடத்துவது, வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பது, ஆசிரியருக்கு வழி சொல்வது, நெருக்கடியில் பிள்ளைகளோடு பேசுவது எல்லாம் இவர் வேலை. மதிப்பீட்டுக்குப் பெற்றோர் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஓர் உளவியலாளருக்கு 500 மாணவர் என்பதே அந்நாட்டுத் தொழில்முறைச் சங்கத்தின் பரிந்துரை. பல நகர மாவட்டங்களில் அதைவிட அதிகம் பேர் ஒருவர் தலையில் விழுகிறார்கள். ஒருவரே இரண்டு மூன்று பள்ளிகளுக்கு மாறி மாறிப் போவதும் உண்டு. அதனால் வாசலில் ஆசிரியரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது அவர் காதுக்கே எட்டாமல் போகும். எழுத்தில் கேளுங்கள்.

ஈமெயில் போதும், தேதி தானாகவே பதிவாகிவிடும். பள்ளி முதல்வருக்கு அனுப்பி, உளவியலாளருக்கும் மாவட்டச் சிறப்புக் கல்வி (குறைபாடுள்ள பிள்ளைகளுக்கேற்ற தனிக் கற்பித்தல்) அலுவலகத்துக்கும் நகல் போடுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு. பிறகு, சிறப்புக் கல்வி தேவைப்படுகிறதா என அறிய, சந்தேகமுள்ள எல்லாத் துறைகளிலும் முழு மதிப்பீடு செய்யக் கோருகிறேன் என்ற ஒரு வாக்கியம். அதன் கீழே நீங்கள் கண்ணால் கண்டவை. “படிப்பில் மந்தம்” என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. “ஒரே பக்கத்தில் மூன்று முறை வரும் ஒரு சொல்லை மூன்று விதமாக வாசிக்கிறான், அதே கதையை நாங்கள் வாசித்துக் காட்டினால் எந்தக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்கிறான்” என்று எழுதுங்கள். பொருள் புரிவதில் குறை இல்லை, எழுத்தை ஒலியாக்குவதில்தான் சிக்கல் இருக்கலாம் என்று இந்த இரண்டு வரியே உளவியலாளருக்குச் சொல்லிவிடும்; எந்தச் சோதனையை எடுப்பது என்பதற்கும் வழிகாட்டும்.

“முதலில் சிறு குழுவில் கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம், மதிப்பீடு அப்புறம்” என்ற பதில் அடிக்கடி வரும். பயிற்சி நல்லதுதான், மறுக்க வேண்டாம். ஆனால் அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று மத்தியக் கல்வித் துறை 2011 ஜனவரியிலேயே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அப்படித் தருவது மாவட்டத்தின் கடமை.

பலர் ஏமாறும் இடம் கால அளவு. மத்தியச் சட்டம் சொல்லும் 60 நாள், கடிதம் போட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை. மதிப்பீடு செய்யச் சம்மதம் என்ற ஒப்புதல் படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்டது பள்ளிக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடும். மாநிலங்கள் தங்களுக்கென்று வேறு கணக்கும் வைத்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் எழுத்துக் கோரிக்கை கிடைத்த 15 நாளுக்குள், என்னென்ன சோதிப்பார்கள் என்று சொல்லும் மதிப்பீட்டுத் திட்டத்தை உங்கள் கையில் தர வேண்டும். டெக்சஸில் பதில் தர 15 பள்ளி நாள், ஒப்புதலுக்குப் பின் அறிக்கை முடிக்க 45 பள்ளி நாள். இல்லினாயில் ஒப்புதலுக்குப் பிறகு 60 பள்ளி நாள், அதாவது ஏறத்தாழ மூன்று மாதம். படிவம் வீட்டு மேசையில் கிடந்த நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. வந்த அன்றே கையெழுத்திட்டு, நகல் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

தமிழ் வீடுகளுக்கு மிக முக்கியமானது மொழி. பள்ளியில் சேர்க்கும் படிவத்தில் வீட்டு மொழி என்ற இடத்தில் சிலர், பிள்ளையைக் குறைத்து எடைபோடுவார்களோ என்று பயந்து ஆங்கிலம் என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். அது பிள்ளைக்கே பாதகம். பிள்ளையின் திறமையைச் சரியாகக் காட்டக்கூடிய மொழியிலும் முறையிலும் சோதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆங்கிலம் போதாமை மட்டுமே காரணமாக இருந்தால் அதைக் குறைபாடு என்று முத்திரை குத்தவும் கூடாது. உண்மையை எழுதினால்தான் உளவியலாளர் சொல் சாராத சோதனைகளையும் சேர்த்துக்கொள்வார். மொழிபெயர்ப்பாளரை வைத்து ஆங்கிலச் சோதனையை அப்படியே தமிழில் கேட்டால், ஆங்கிலக் குழந்தைகளை வைத்து வகுத்த மதிப்பெண் அட்டவணை அதற்குப் பொருந்தாது. அப்படி நடத்தியிருந்தால் அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும், தேடிப் பாருங்கள்.

தமிழிலும் அதே சிக்கல் இருக்கிறதா என்பதை உளவியலாளரிடம் சொல்ல உங்களால்தான் முடியும். எந்த வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசினான், பாட்டியோடு போனில் பேசும்போது சொல் கிடைக்காமல் தடுமாறுகிறானா, மூன்று வேலைகளைத் தமிழில் அடுக்கிச் சொன்னால் செய்கிறானா என்று குறித்துக்கொண்டு போங்கள். சிக்கல் இரண்டு மொழியிலும் இருந்தால்தான் அது மொழிக் குறைபாடாக இருக்க வாய்ப்பு. வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இரு மொழி பேசுவதால் மொழிக் குறைபாடு வருவதில்லை.

சோதனைக்கு முன் கண், காது பரிசோதனை முடிந்திருக்கட்டும். கண்ணாடி போடும் பிள்ளை அதை மறந்து போனாலே மதிப்பெண் தவறாகும். இணையத்தில் மாதிரிக் கேள்வி தேடிப் பழக்காதீர்கள். வெளியே தனியாரிடம் ஏற்கெனவே சோதித்திருந்தால் மறைக்கவும் வேண்டாம்: அதே சோதனையைக் குறுகிய காலத்தில் திரும்ப எழுதினால் பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடி, உண்மை நிலை தெரியாமல் போகும்.

அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும். முடிவுகளைப் பேசப் பள்ளி கூட்டும் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே அனுப்பும்படி ஈமெயிலில் கேளுங்கள். அறிவுத்திறன் சோதனைகளில் பெரும்பாலும் சராசரி 100. 85 முதல் 115 வரைக்குள் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வருவார்கள். பர்சென்டைல் என்பதை நூற்றுக்கு இத்தனை மதிப்பெண் என்று படித்துவிட்டுக் கலங்குபவர்கள் அதிகம். 16ஆம் பர்சென்டைல் என்றால் 16 மார்க் வாங்கினான் என்று பொருளல்ல. அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரில் சுமார் 16 பேர் அவனுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று பொருள், மதிப்பெண் 85. மொத்த எண்ணைவிட உட்பிரிவுகளுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். பேச்சு வழிச் சிந்தனை 118, செயல் வேகம் 82 என்றிருந்தால், இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகச் சொல்வது இரண்டையுமே மறைத்துவிடும்.

கூட்டத்தில் சிறப்புக் கல்விக்குத் தகுதி உண்டா என்று முடிவு செய்வது உளவியலாளர் மட்டுமல்ல, நீங்களும் உள்ள குழு. மருத்துவரின் சான்று இருந்தாலே சிறப்புக் கல்வி கிடைத்துவிடாது. சட்டம் வகுத்த 13 குறைபாட்டு வகைகளில் ஒன்றில் பொருந்துவதோடு, அதனால் பிள்ளைக்கேற்ற தனிக் கற்பித்தல் தேவைப்படுகிறது என்றும் தெரிய வேண்டும். அந்த அளவு இல்லாத பிள்ளைக்கு, கூடுதல் தேர்வு நேரம் போன்ற வசதிகள் 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவில் கிடைக்கலாம். சோதிக்க நீங்கள் கொடுத்த ஒப்புதல் சேவை தொடங்குவதற்கான ஒப்புதல் ஆகாது. வருகைப் பதிவுக்குக் கையெழுத்திட்டு, பிள்ளைக்கென எழுதிய கல்வித் திட்டத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்த பிறகு முடிவு சொல்லலாம். முடிவுகளில் உடன்பாடு இல்லையென்றால் மாவட்டச் செலவில் வெளி நிபுணரின் மதிப்பீட்டைக் கேட்கலாம். அதற்கு மாவட்டம் பணம் தர வேண்டும், இல்லையேல் தன் மதிப்பீடு சரி என்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும்.

வேலை மாறி நகரம் விட்டு நகரம் போகிறவர்கள் அறிக்கை, திட்டம், ஒப்புதல் படிவங்களின் நகலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பழைய பள்ளியின் கோப்பு வந்து சேரும்வரை காத்திருக்காமல், சேர்க்கும் நாளிலேயே அவற்றைக் கொடுத்தால், நடப்பிலுள்ள திட்டத்துக்கு இணையான சேவையை அங்கே உடனே தொடங்கச் சொல்லலாம்.